பள்ளி வாசலில் கார் வரிசை: ஒரு தகராறும் அது தணிந்த விதமும்

காலையில் பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிடும் வரிசை ஒரு பள்ளியில் எப்படித் தகராறாக முற்றியது, யார் என்ன முடிவெடுத்தார்கள், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதன் பதிவு இது. பள்ளியையும் ஆட்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். நான் அந்தப் பள்ளியின் பெற்றோர் குழுவில் இருந்தவன். அந்த வரிசையில் தினமும் நின்றவர்களில் ஒருவனும்கூட.

பின்னணி

பள்ளிக்கு ஒரே வாசல். அதன் முன்னால் ஒருவழிச் சாலை. இரண்டு கார்கள் பக்கம் பக்கமாகப் போகலாம், அதற்கு மேல் இடமில்லை. பள்ளிச் சுவரை ஒட்டி நடைபாதை. அந்த நடைபாதை வாசலோடு முடியவில்லை. வாசலைத் தாண்டி இன்னும் ஏறக்குறைய 30 மீட்டர், ஒரு விளக்குக் கம்பம் வரைக்கும், எந்தத் தடையும் இல்லாமல் போகிறது. இதைச் சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

காலையில் சுமார் 100 கார்கள் வரும். அநேகமாக எல்லாமே மணி அடிப்பதற்கு முந்தைய 20 நிமிடத்தில். வரிசையின் வால் பல நாட்களில் பிரதான சாலை வரைக்கும் நீண்டு, பள்ளியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களையும் மறித்தது. வழியில் இருந்த வீட்டுக்காரர்கள் தங்கள் வாசலை அடைத்து நிற்கும் கார்களைப் பற்றிப் பலமுறை முறையிட்டிருந்தார்கள்.

பெற்றோரிடம் கேட்டால் எல்லோரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: சில பேருக்கு நாகரிகம் தெரியவில்லை. அந்தச் சில பேர் யார் என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு. காரை விட்டு இறங்கிப் பிள்ளையின் கையைப் பிடித்து வாசல் வரை கூட்டிப்போகிறவர்கள் என்றது ஒரு தரப்பு. பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறவர்கள் என்றது இன்னொரு தரப்பு. வரிசையை ஒதுக்கிவிட்டு முன்னால் போய் நுழைகிறவர்களை மட்டும் எல்லாத் தரப்பும் சேர்ந்து திட்டியது.

சுற்றறிக்கை

பள்ளி முதலில் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். 14 விதிகள் கொண்ட சுற்றறிக்கை ஒன்று எல்லாப் பெற்றோருக்கும் போனது. பொறுமை காக்கவும், ஹாரனைத் தவிர்க்கவும், தேவைக்கு மேல் நிற்க வேண்டாம், பிறரை மதிக்கவும், இப்படியாக.

ஒரு வாரம் கொஞ்சம் அமைதி இருந்தது, அப்புறம் பழையபடி. ஏன் என்று யோசித்தால் இரண்டு காரணங்கள் தெரிகின்றன. விதிகளைக் கவனமாகப் படித்தவர்கள் ஏற்கெனவே அவற்றைப் பின்பற்றி வந்தவர்கள். மற்றது இன்னும் முக்கியம். அந்த 14 விதிகளில் ஒன்றுகூட, கார் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. "தேவைக்கு மேல் நிற்க வேண்டாம்" என்றால் தேவை எவ்வளவு என்பதை ஒவ்வொருவரும் தம் பிள்ளையை வைத்துத்தானே முடிவு செய்வார்கள்?

சம்பவம்

சுற்றறிக்கை வந்து சில வாரங்கள் கழித்து, மணி அடிக்கச் சற்று நேரமே இருந்த ஒரு காலையில் வரிசை அசையாமல் நின்றது. வாசலிலிருந்து ஏழெட்டு கார்களுக்குப் பின்னால் இருந்த ஒரு தாய், இனிக் காத்திருந்தால் மகனுக்குத் தாமதமாகிவிடும் என்று, "இங்கேயே இறங்கி ஓடுப்பா" என்றார். நடைபாதைப் பக்கத்து இருக்கையில் கைக்குழந்தையின் இருக்கை பொருத்தப்பட்டிருந்தது. ஆகவே பையன் சாலைப் பக்கக் கதவைத் திறந்தான்.

இரண்டு கார்கள் பின்னாலிருந்த ஒரு தந்தை, முன்னால் இருப்பவர் நகரப்போவதில்லை என்று நினைத்து அதே நொடியில் வரிசையிலிருந்து விலகி முந்த ஆரம்பித்தார். வேகம் அதிகமில்லை. ஆனாலும் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் கார்கூட ஒரு நொடியில் 4 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஏறக்குறைய அந்த ஒரு நொடி போய்விடுகிறது. பக்கக் கண்ணாடி பையனின் முதுகுப்பையில் உரசியது. பையன் காருக்குள்ளேயே பின்பக்கமாக விழுந்தான். காயம் இல்லை.

இரண்டு பெரியவர்களும் இறங்கி நடுச்சாலையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டார்கள். "பிள்ளை இறங்குவது கண்ணுக்குத் தெரியலையா சார்?" என்று அவர். "நடுரோட்டில் கதவைத் திறந்தால் எப்படித் தெரியும் மேடம்?" என்று இவர். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

புகைப்படம்

அன்று மதியத்துக்குள் முந்திச் சென்ற காரின் புகைப்படம், எண் பலகை தெளிவாகத் தெரியும்படி, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. போட்டது அந்தத் தாய் அல்ல; வரிசையில் நின்ற வேறொருவர். அடுத்தடுத்து வந்த வசவுகளை இங்கே எழுதத் தேவையில்லை. மாலைக்குள் அது யாருடைய கார், அவர் மகள் எந்த வகுப்பு என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்தது. மறுநாள் வகுப்பில் அந்தப் பெண்ணிடம் மற்ற பிள்ளைகள், "உங்க அப்பாதானே இடிக்கப் பார்த்தார்?" என்று கேட்டார்கள். இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

இந்த இடத்தில்தான் தலைமையாசிரியர் தலையிட்டார். படத்தை நீக்கச் சொன்னார். பள்ளி வாசலில் யாரும் பிறர் காரையோ பிள்ளையையோ படமெடுத்துப் பகிரக் கூடாது, குறை இருந்தால் அலுவலகத்தில் சொல்ல வேண்டும் என்று முடிவானது. "அப்படியானால் தவறு செய்தவருக்குத் தண்டனையே இல்லையா?" என்று கேட்டவர்கள் உண்டு. தண்டனை கொடுப்பது யார் வேலை என்பதல்ல அங்கே கேள்வி. பெரியவர்கள் போட்ட சண்டைக்கு எட்டு வயதுப் பிள்ளை வகுப்பில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த முடிவு சரியானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கூடவே தலைமையாசிரியர் இன்னொன்றும் கேட்டார்: யார் மீது தவறு என்பதை விடுங்கள், வரிசை ஏன் நின்றது? யாரிடமும் பதில் இல்லை. பெற்றோர் குழுவில் மூன்று பேரும் ஓர் ஆசிரியரும் சில காலைகள் நடைபாதையில் நின்று பார்ப்பது என்று முடிவானது. காரின் எண்ணை யாரும் குறிக்கவில்லை. எந்த இடத்தில் நிற்கிறது, எவ்வளவு நேரம், எதனால் என்பவை மட்டும்.

கவனித்தது

வரிசையில் நிற்பவருக்கு முன்னால் இருக்கும் காரின் பின்புறம் மட்டுமே தெரியும். நடைபாதையில் நின்றபோது தெரிந்தது வேறு.

பெரும்பாலான கார்கள் அரை நிமிடத்துக்குள் பிள்ளையை இறக்கிவிட்டு நகர்ந்தன. நேரம் எடுத்தவை சில வகைதான். பை பின்பக்க டிக்கியில் இருக்கும். ஓட்டுபவர் இறங்கி, சுற்றிவந்து, எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பின்கதவில் குழந்தைப் பூட்டு போட்டிருக்கும். உள்ளிருந்து திறக்க முடியாது. ஷூ கழற்றிக் கிடக்கும். கையெழுத்து வாங்க வேண்டிய தாள் அப்போதுதான் ஞாபகம் வரும். பேத்தியைக் கொண்டுவிடும் ஒரு முதியவரால் இருக்கையில் இருந்தபடி பின்னால் திரும்பி பெல்ட்டைக் கழற்ற முடியாது. அவர் தினமும் இறங்கித்தான் ஆக வேண்டும். ஊன்றுகோலோடு நடக்கும் ஒரு மாணவன் இருந்தான். அவன் இறங்கும்போதும் பின்னாலிருந்து ஹாரன் ஒலித்ததைக் கேட்டோம். பின்னால் இருப்பவருக்கு ஊன்றுகோல் தெரியாது, நின்றுவிட்ட கார் மட்டும்தான் தெரியும்.

ஆனால் இவையெல்லாம் சேர்ந்தும் வரிசையின் நீளத்துக்குக் காரணமாகவில்லை. பெரிய காரணம் அந்த 30 மீட்டர். முதலில் வருகிற கார் நேராக வாசலுக்கு எதிரே வந்து நின்றது. அதற்கு முன்னால் நடைபாதை முழுக்கக் காலி. அடுத்த கார் முதல் கார் போகும்வரை காத்திருந்து, பிறகு தானும் வாசலுக்கு எதிரேயே வந்து நின்றது. ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஆளை இறக்கியது.

கணக்குப் போட்டால் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும். ஒரு கார் வந்து நின்று, இறக்கி, அடுத்தது அந்த இடத்துக்கு வர 40 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 90 கார். 100 கார்களும் 20 நிமிடத்தில் வந்தால் அதற்குள் 30 கார்தான் போயிருக்கும். மீதி 70 கார் நிற்கும். இடைவெளியோடு ஒரு காருக்கு 6 மீட்டர் என்றால் 420 மீட்டர் வரிசை. அதே 30 மீட்டரை முழுக்கப் பயன்படுத்தி ஐந்து கார்கள் ஒன்றாக நின்று, ஒன்றாக இறக்கி, ஒன்றாகப் புறப்பட்டால், ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் ஆனாலும் மணிக்கு 200 கார். 20 நிமிட முடிவில் நிற்பவை 33 கார், ஏறக்குறைய 200 மீட்டர். யாரும் வேகமாக ஓட்டத் தேவையில்லை, யாரையும் அவசரப்படுத்தத் தேவையில்லை.

அப்படியானால் ஏன் எல்லோரும் வாசலிலேயே நின்றார்கள்? காவலாளி அங்கே நின்றதால். பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லிக் கதவைத் திறந்துவிடும் அன்பான மனிதர் அவர். அவர் நிற்கும் இடத்துக்குக் கார் தானாகப் போய் நின்றது. முன்னால் தள்ளிப் போய் நிற்பவர் பிள்ளையைத் தனியாக விட்டதாக உணர்ந்தார்.

இன்னொன்றையும் பார்த்தோம். வாசல் திறப்பதற்கு முன்பே வந்த சில கார்கள் வாசலுக்கு எதிரில் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தன. வரிசை தொடங்கும்போதே அதன் தலை அடைபட்டிருந்தது. அந்தப் புகை நேராக முதல் வகுப்பு ஜன்னலுக்குப் போனது. 10 வினாடிக்கு மேல் நிற்பதென்றால் எஞ்சினை அணைத்து மறுபடி இயக்குவதில்தான் எரிபொருள் குறைவாகச் செலவாகும் என்பது பலருக்குத் தெரியாது.

முந்திச் சென்றவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களில் சிலர் எப்போதும் முந்துகிறவர்கள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நிறையப் பேர் தன் பிள்ளையை இறக்கி முடித்துவிட்டு, முன்னால் நிற்கும் கார் நகராததால் வெளியே வந்தவர்கள். வரிசைக்கு நடுவில் சாலைப் பக்கமாகப் பிள்ளையை இறக்கிவிட்டவர்களும் தாமதத்துக்குப் பயந்தவர்கள். சம்பவத்தன்று மோதியிருக்கக்கூடிய இருவரும் அதே வரிசையின் இரண்டு விளைவுகள்.

எடுத்த முடிவுகள்

புதிய சுற்றறிக்கையில் 14 விதி இல்லை. முதல் விதி: விளக்குக் கம்பம் வரை போய் நில்லுங்கள். இரண்டாவது: நடைபாதைப் பக்கக் கதவு வழியாக மட்டும் பிள்ளை இறங்க வேண்டும். மூன்றாவது: ஓட்டுபவர் காரை விட்டு இறங்க வேண்டியிருந்தால் இந்த வரிசைக்கு வர வேண்டாம், பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். கடைசி விதியை மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, அந்தத் தெருவிலிருந்து வாசலுக்கு நடக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது என்பதையும் சேர்த்து எழுதினோம். பிள்ளையோடு வாசல் வரை நடக்க ஆசைப்படுவது குற்றமில்லை, அதற்கு இடம் வேறு.

நடைபாதை ஓரத்தில் 1 முதல் 5 வரை எண் எழுதப்பட்டது. காவலாளி வாசலை விட்டு, கம்பத்தருகே 1ஆம் எண்ணுக்கு மாறினார். என்னைக் கேட்டால், மொத்தத்தில் அதிகம் பலித்தது இந்த ஒரே மாற்றம்தான். வாசலில் ஓர் ஆசிரியர் நின்றார்.

இறங்கிய பிள்ளை 30 மீட்டர் திரும்பி நடக்க வேண்டுமே என்ற கவலை சின்ன வகுப்புப் பெற்றோருக்கு இருந்தது. நியாயமான கவலை. இரண்டு பெற்றோர் முறை வைத்து நடைபாதையில் நிற்பது, பெரிய வகுப்பு மாணவர் சிலர் சின்னப் பிள்ளைகளோடு நடப்பது என்று ஏற்பாடானது. மாணவர்கள் எக்காரணம் கொண்டும் நடைபாதையை விட்டுச் சாலையில் கால் வைக்கக் கூடாது, காரின் கதவைத் தொடக் கூடாது. கதவைத் திறப்பது பெரியவர்கள் மட்டும், அதுவும் நடைபாதைப் பக்கம் மட்டும். குழந்தைப் பூட்டை எடுத்துவிடச் சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஓடும் காரில் சின்னக் குழந்தை கதவைத் திறந்துவிடாமல் காப்பது அந்தப் பூட்டு. வரிசையின் வசதிக்காக அதை எடுக்கச் சொல்வது தவறு என்று ஒதுக்கினோம். வெளியிலிருந்து திறந்துவிட ஆள் இருந்தாலே போதும்.

ஊன்றுகோல் மாணவனின் குடும்பத்துக்கும், அந்த முதியவருக்கும், இனி அப்படித் தேவைப்படுகிறவர்களுக்கும் வளாகத்துக்கு உள்ளே ஒரு இடம் ஒதுக்கப்பட்டது. காரணத்தை அலுவலகத்தில் சொன்னால் போதும், வேறு யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை.

கடினமாக இருந்தது வாசலை 10 நிமிடம் முன்னதாகத் திறப்பது. திறந்தால் உள்ளே வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆசிரியர் வேண்டும். ஆசிரியர்கள் தயங்கினார்கள், அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுழற்சி முறையில் இருவர் முன்னதாக வருவது, அதே நாளில் மாலைப் பொறுப்பிலிருந்து அவர்களுக்கு விலக்கு என்று பேசி முடித்தார் தலைமையாசிரியர்.

பிறகு நடந்தது

முதல் வாரம் முன்பைவிட மோசம். பழக்கத்தில் வாசலில் நின்றவர்கள், எண்ணைப் பார்த்துக் குழம்பியவர்கள், 5ஆம் எண்ணில் நின்றுகொண்டு முன்னால் நகர மறுத்தவர்கள். ஒருவர் கண்ணாடியை இறக்கி, "என் பிள்ளை கம்பத்துக்கிட்ட இறங்க மாட்டா" என்றார். காவலாளி வாக்குவாதம் செய்யவில்லை. "சரிங்கம்மா, அடுத்த தெருவுல நிறுத்திட்டுக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா சில நாட்கள் அப்படியே செய்தார். பிறகு மகளே கம்பத்தருகே இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

இரண்டாவது வாரத்திலிருந்து வரிசையின் வால் பிரதான சாலையைத் தொடுவது பெரும்பாலும் நின்றது. முந்துவது ஏறக்குறைய மறைந்தது. ஐந்தும் ஒன்றாகப் புறப்படும்போது முந்துவதில் லாபம் எதுவும் இல்லை. ஹாரன் குறைந்தது, முற்றிலும் போகவில்லை. ஐந்தில் ஒருவர் தாமதித்தால் மற்ற நால்வரும் காத்திருக்க வேண்டும் என்ற குறை இந்த முறைக்கு உண்டு. பை மடியில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம் என்று காவலாளி ஒவ்வொருவரிடமாகச் சொல்லிச் சொல்லியே அது ஓரளவு சரியானது. வீட்டிலேயே ஷூ போட்டு வருவது இன்னும் சரியாகவில்லை.

மழை நாளில் எல்லாம் உடைந்தது. நடைபாதையில் கூரை கிடையாது. பெற்றோர் மறுபடி வாசலுக்கு எதிரில் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முறை வைத்து நிற்க வேண்டிய பெற்றோரும் அன்று பாதிப்பேர்தான் வந்தார்கள்.

புகைப்படத்தில் சிக்கிய தந்தை வரிசைக்குத் திரும்பி வந்தார், வாட்ஸ்அப் குழுவுக்குத் திரும்பவில்லை. படத்தைப் போட்டவரைத் தலைமையாசிரியர் அழைத்துப் பேசினார். அந்தத் தந்தையின் குடும்பத்திடம் படம் போட்டவர் வருத்தம் தெரிவித்ததாகச் சொன்னார்கள். சம்பவத்தில் இருந்த தாய் கைக்குழந்தையின் இருக்கையைச் சாலைப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். மகன் இப்போது நடைபாதைப் பக்கம் இறங்குகிறான்.

அடுத்த முறை செய்தால்

விதி எழுதுவதற்கு முன்பே நடைபாதையில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்பது குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்டது. முதல் சுற்றறிக்கை போகாமலேயே இருந்திருக்கலாம். புகைப்படம் பற்றிய முடிவு ஒரு குழந்தை பாதிக்கப்பட்ட பிறகு வந்தது. பெற்றோர் குழு தொடங்கும் நாளிலேயே அது இருந்திருக்க வேண்டிய விதி. வழியில் இருக்கும் வீட்டுக்காரர்களை ஒரு முறையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். மாற்றங்கள் முடிந்த பிறகுதான் சொன்னோம். அவர்கள் கோபம் பாதி அதனால்.

மழைக்கு என்று தனித் திட்டம் வேண்டும்: அன்று மட்டும் வளாகத்துக்குள் கார்களை விட்டு, உள்ளே சுற்றி வெளியேறச் செய்வது. இதில் பின்னோக்கி எடுக்கும் கார்கள் வந்துவிடக் கூடாது. சின்னப் பிள்ளை காருக்குப் பின்னால் நின்றால் ஓட்டுபவரின் எந்தக் கண்ணாடியிலும் தெரியாமல் போகலாம் என்பதால், சுற்றுவழி கிடைத்தால்தான் உள்ளே விடுவது, இல்லாவிட்டால் விடுவதில்லை என்று குழு எழுதி வைத்திருக்கிறது.

மாலையில் அழைத்துப்போகும் வரிசையை இந்த முறையால் தீர்க்க முடியவில்லை. காலையில் பிள்ளை காருக்குள் தயாராக இருக்கிறது. மாலையில் கார் தயாராக நிற்கிறது, பிள்ளை வகுப்பில் இருக்கிறது. ஐந்து கார் நின்றால் அந்த ஐந்து பிள்ளைகளும் அதே நேரத்தில் நடைபாதைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் நின்றுபோகும். கண்ணாடியில் பெரிய எழுத்தில் எண் அட்டை வைத்து, வரிசையில் வரும் எண்களை முன்னதாகவே வகுப்புக்குச் சொல்லி அனுப்பும் முறையைச் சின்ன வகுப்புகளில் மட்டும் முதலில் முயன்று பார்ப்பதாக இருக்கிறோம். பிள்ளையின் பெயரை அட்டையில் எழுத வேண்டாம், எண் மட்டும் போதும் என்பது இப்போதே முடிவாகிவிட்டது.